ஊசி சொன்ன பொய்

ஊசிக்கு விரல்கள் போன அன்று மேஸ்திரியம்மா காலையிலிருந்தே சந்தோஷமாக இருந்தாள். அதை நினைத்தால்தான் அவளுக்கு மனசு ஆறவே இல்லை. கோபத்தில் செய்திருந்தால் பழியைக் கோபத்தின் மேல் போட்டிருக்கலாம். தூக்கக் கலக்கம் என்றால் தூக்கத்தின் மேல் போட்டிருக்கலாம். வாய்க்குள் ஒரு கீர்த்தனையை முணுமுணுத்துக்கொண்டு, நல்ல புத்தியோடு நின்று செய்த காரியத்தை எதன் மேல் கொண்டுபோய்ப் போடுவது?

மூன்று ஆஸ்பத்திரிகளும் நான்கைந்து ஓட்டல்களும் துணி போடுகிற பெரிய சலவைக்கூடம் அது. விடியற்காலையில் அழுக்கு மூட்டைகளோடு வண்டிகள் வரும், பொழுது சாய்வதற்குள் மடித்த விரிப்புகளோடு திரும்பிப் போகும். உள்ளே கோடை, மழை என்ற பேதமே கிடையாது. வருஷம் முழுக்க நீராவிதான். புதிதாக வேலைக்கு வருகிற பெண்கள் முதல் வாரம் மயங்கி விழுவார்கள், இரண்டாம் வாரம் அழுவார்கள், மூன்றாம் வாரம் சம்பளம் எப்போது என்று கேட்பார்கள். மேஸ்திரியம்மா அங்கே பதினெட்டு வருஷம். எந்தக் கறை எதற்கு மசியும் என்பது அவளுக்கு அத்துப்படி. ஒருமுறை சபையில் போதகர், மனிதனின் பாவத்தைப் பற்றிச் சொல்லும்போது, ரத்தக் கறையைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுப்பதுபோல என்று உதாரணம் சொல்லிவிட்டார். ஆராதனை முடிந்ததும் வாசலில் அவரைப் பிடித்துக்கொண்டாள். “பாஸ்டர், ரத்தத்துக்குப் பச்சத் தண்ணிதான். சுடுதண்ணி பட்டுச்சோ, கறை துணியிலயே குடித்தனம் வச்சிரும்.” அவர் நல்ல மனுஷர். அந்த உதாரணத்தை அதன் பிறகு எடுக்கவே இல்லை.

ஊசி அவளுடைய நாத்தனார். ஆள் ஒல்லி, வாய் கூர்மை. பட்டப்பெயருக்கு வேறு காரணம் வேண்டியதில்லை. கட்டினவன் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான். அன்றிலிருந்து அண்ணன் வீட்டுப் பின்கட்டு அறையில் இருக்கிறாள். வேலையும் அண்ணியோடு இதே சலவைக்கூடத்தில்தான். சபைக்குப் போவதை நிறுத்திப் பத்து வருஷம் ஆகிறது. ஏன் என்று கேட்டால், “ஞாயித்துக்கிழமைதோறும் மைக்கப் புடிச்சு என் கதைய ஆண்டவருக்குச் சொன்னீங்களே, அவருக்கு ஏற்கெனவே தெரியாதா?” என்பாள். பெண்கள் ஜெபக்குழுவின் தலைவி மேஸ்திரியம்மாதான். மைக்கைப் பிடித்தவளும் அவள்தான்.

சலவைக்கூடத்தில் இஸ்திரி உருளை என்று ஓர் இயந்திரம். ஒரு ஆள் உயரம், ஒரு அறை நீளம். இந்தப் பக்கம் ஈர விரிப்பைக் கொடுத்தால் அந்தப் பக்கம் காய்ந்து, மடிப்பில்லாமல் வந்து விழும். சில நேரம் கிழிந்த துணி உருளையில் சுற்றிக்கொள்ளும். அப்போது இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஒருத்தி பின்பக்கம் போய், கையை உள்ளே விட்டு அதை உரித்தெடுக்க வேண்டும். முன்னால் நிற்பவருக்குப் பின்னால் இருப்பவர் தெரியாது. அதற்காகத்தான் டோக்கன். ஒவ்வொருத்திக்கும் நம்பர் அடித்த பித்தளை டோக்கன் உண்டு. பின்னால் போகிறவள் தன் டோக்கனைச் சுவிட்ச் மேல் மாட்டிவிட்டுப் போக வேண்டும். மாட்டியவள்தான் எடுக்க வேண்டும். வானமே இடிந்து விழுந்தாலும் இன்னொரு கை அதைத் தொடக் கூடாது. புதுப் பெண்களுக்கு மேஸ்திரியம்மா சொல்லிக்கொடுக்கிற முதல் பாடமே இதுதான்.

ஊசிக்கு ஒரு கெட்ட பழக்கம். மாட்டுவதற்கு ஒருநாளும் மறக்க மாட்டாள். வேலை முடிந்ததும் எடுக்க மறந்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவாள். அவளுடைய பதினேழாம் நம்பர் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும், இயந்திரமும் சும்மா நிற்கும். மேஸ்திரியம்மா போய்ப் பின்னால் எட்டிப் பார்ப்பாள், ஆள் இருக்காது. டோக்கனைக் கழற்றி ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டு, “இவளுக்குத் தலை கழண்டு விழுந்தாக்கூட நான்தான் எடுத்துக் குடுக்கணும்” என்று திட்டுவாள். இப்படி எத்தனையோ தடவை. சொந்தக்காரி இல்லையா, உரிமை. வேறு எவளுடைய டோக்கனையும் அவள் தொட்டதில்லை.

அன்றும் தொங்கியது. டீ நேரம். “ஊசி!” என்று ஒரு குரல் கொடுத்தாள். கொதிகலன் இரைச்சலில் பதில் இல்லை. பின்னால் எட்டிப் பார்க்கப் பத்து எட்டு நடக்க வேண்டும். அன்று அந்தப் பத்து எட்டை அவள் நடக்கவில்லை. பதினேழாம் நம்பரைக் கழற்றிப் பைக்குள் போட்டாள், பாட்டின் அடுத்த அடியை எடுத்தாள், சுவிட்சைப் போட்டாள்.

வலது கையில் மூன்று விரல்கள்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்கு மேனேஜர் ஒரு காகிதத்தோடு வந்தார். மேஸ்திரியம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் பிளாஸ்கைத் திறந்துகொண்டு நின்றாள். அவரைக் கண்டதும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தாள். இரண்டு ராத்திரியாக ஜெபித்ததும் அதற்குத்தான். வாயைத் திறப்பதற்குள் ஊசி முந்திக்கொண்டாள்.

“என் தப்புதான் சார். டோக்கன் மாட்ட மறந்துட்டேன்.”

மேனேஜர் மேஸ்திரியம்மாவைப் பார்த்தார். “நீங்க சுவிட்ச் போடும்போது டோக்கன் இல்லையாம்மா?”

“இருந்தா போடுவாங்களா சார்?” என்றாள் ஊசி. “எங்க அண்ணியப் பத்தி உங்களுக்குத் தெரியாதா?”

மேஸ்திரியம்மாவின் தலை தானாக அசைந்தது. ஆம் என்று அசைந்ததா, இல்லை என்று அசைந்ததா, அவளுக்கே தெரியாது. மேனேஜர் தனக்கு வேண்டிய மாதிரி எழுதிக்கொண்டார். பிளாஸ்கிலிருந்த கஞ்சி கட்டிலடியில் கொட்டிக்கொண்டிருந்தது. ஊசிதான், “அண்ணி, கீழ பாருங்க” என்றாள்.

அன்றிலிருந்து பிடித்தது குழப்பம். ஊசிக்கு நினைவு இருக்கிறதா, இல்லையா? வலி மருந்தில் எல்லாம் மறந்து, நிஜமாகவே தான் மாட்டவில்லை என்று நம்புகிறாளோ? அல்லது எல்லாம் தெரிந்து, ஒருநாள் நேரம் பார்த்துக் கேட்பதற்காக வைத்திருக்கிறாளோ? வீட்டுக்கு அழைத்துவந்த பிறகு ஒருநாள் சோறு பிசைந்து ஊட்டும்போது மெல்ல ஆரம்பித்துப் பார்த்தாள். “ஏண்டி, அன்னைக்கு நீ பின்னாடி போறப்ப…”

“சோறு ஆறுது அண்ணி” என்றாள் ஊசி.

அவ்வளவுதான். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. கழுவி வைத்த தட்டுபோல இருந்தது.

மேஸ்திரியம்மா மூன்று நாள் உபவாசம் இருந்தாள். ஜெபத்தில் உட்கார்ந்தால் ஆண்டவரிடம் பேச வாய் வரும். ஆனால் பேச்சு பாதியிலேயே ஊசியிடம் போய்விடும். ஊசியிடம் பேசப் போனால் வாய் ஆண்டவரே என்று ஆரம்பிக்கும். இப்படி இரண்டு கதவுக்கும் நடுவில் நின்று அல்லாடினாள்.

ஐந்தாம் வாரம் கடிதம் வந்தது. கவனக்குறைவால் விபத்துக்குக் காரணமானதாலே, அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து ஊசிக்கு வேலை இல்லை. படித்துச் சொன்னவர் மேஸ்திரியம்மாவின் வீட்டுக்காரர். கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். அதிகம் பேசாதவர், பேசினால் நிறுத்தாதவர்.

“இத்தனை வருஷமா வேலை பாக்குற, ஒரு டோக்கன மாட்டத் தெரியலையா உனக்கு?” தங்கையின் முகத்துக்கு நேரே கடிதத்தை ஆட்டினார். “உங்க அண்ணியும் அங்கதான் இருக்கா. ஒரு சொல்லு வந்திருக்கா அவமேல? அவளப் பாத்தாவது கத்துக்கக் கூடாது?”

யார் என்ன சொன்னாலும் ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுக்கிற ஊசி, கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, அண்ணன் திட்டி முடிக்கும்வரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை போனால் ஊசி எங்கே போவாள்? பாதிக் கையை வைத்துக்கொண்டு எவனிடம் போய் நிற்பாள்? மேஸ்திரியம்மா செருப்பைக்கூட மாட்டாமல் போதகர் வீட்டுக்கு நடந்தாள்.

போதகர் வீட்டை ஒட்டிய ஆராதனை அறையில் ஸ்பீக்கர் பெட்டியைத் திறந்துபோட்டு, வாயில் ஸ்குரூ ஆணிகளைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“பாஸ்டர், ஒரு சந்தேகம். ஒருத்தி தப்புப் பண்ணிட்டா. அந்தத் தப்புல அடிபட்டவளே வந்து, நான்தான் பண்ணேன்னு பழிய ஏத்துக்கிட்டா, அது என்ன?”

போதகர் ஆணிகளைக் கையில் துப்பினார். முகம் மலர்ந்துவிட்டது. “அம்மா! அதுதானே நம்ம விசுவாசமே! குத்தம் செஞ்சது நாம, காயப்பட்டது அவரு. காயப்பட்டவரே நம்ம தண்டனையையும் எடுத்துக்கிட்டாரு. ஞாயித்துக்கிழமைக்கு இதையே சொல்லலாம்போல இருக்கே.”

“சரி. அப்போ தப்புப் பண்ணவ என்ன செய்யணும்?”

“ஒண்ணும் செய்ய வேண்டாம். நன்றியோட வாங்கிக்கணும். நாம சம்பாதிச்சு வாங்குறது இல்லம்மா அது, சும்மா கிடைக்கிறது.”

“வாங்கிக்கிட்டுப் பேசாம இருந்துரலாமா?”

“தாராளமா!”

“பாஸ்டர், அந்தப் பழிய ஏத்துக்கிட்டவ ஊசி. தப்புப் பண்ணவ நான். டோக்கன் மாட்டித்தான் இருந்துச்சு. நான்தான் கழட்டுனேன்.”

போதகர் கையில் இருந்த ஆணிகள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன. அவர் குனிந்து பொறுக்க ஆரம்பித்தார். பொறுக்கி முடிக்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

“அது… அது வேறம்மா.”

“எப்படி வேற?”

“ஆண்டவர் விஷயம் வேற, இது… ஒருத்தி வேலை போகுது. அதெப்படி நீங்க பேசாம இருக்க முடியும்?”

“இப்பதானே தாராளமான்னு சொன்னீங்க?”

“சொன்னேன்.” அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “ஆண்டவர்கிட்ட மன்னிப்புக் கேட்டீங்களா?”

“கேட்டுக் கேட்டு முழங்கால் தேஞ்சு போச்சு. அவர் மன்னிச்சிட்டாருன்னே வைங்க. மன்னிக்கிறதுக்கு அவருக்கு என்ன, விரலா போச்சு?”

சொன்ன பிறகுதான் அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. சிலுவையில் ஆணி அடிக்கப்பட்ட கைகளைப் பற்றி எத்தனை ஞாயிறு அவளே உருகி உருகி ஜெபித்திருக்கிறாள்! போதகரும் அதை நினைத்திருக்க வேண்டும். ஆனாலும் சொல்லவில்லை. “எனக்குத் தெளிவாத் தெரியலம்மா” என்றார். “தெரிஞ்ச மாதிரி பேசுறது சுலபமா இருந்துச்சு. மேனேஜர்கிட்ட போய் உள்ளதச் சொல்லிருங்க. அது ஒண்ணு மட்டும் நிச்சயமாத் தெரியுது.”

மறுநாள் காலை வேலை தொடங்குமுன் மேனேஜரின் மேசைமேல் பதினேழாம் நம்பர் டோக்கனை வைத்தாள். இத்தனை நாளும் அது அவளுடைய ஏப்ரன் பையிலேயே கிடந்தது. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். பாட்டு முணுமுணுத்ததைக்கூட விடவில்லை. தன் கணக்கை முடித்துவிட்டு ஊசியை வேலையில் வைத்துக்கொள்ளுங்கள் என்றாள்.

மேனேஜர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கண் கலங்கியிருந்தது.

“மேஸ்திரியம்மா, நாத்தனாருக்காக உங்க வேலையவே குடுக்க வந்துட்டீங்களே. என் கூடப்பொறந்தவங்ககூட எனக்கு இப்படிச் செய்ய மாட்டாங்க.”

“சார், நான் நெசமாத்தான் சொல்றேன்.”

“சொல்வீங்கம்மா. நீங்க சொல்லாம யாரு சொல்வா?”

“டோக்கனப் பாருங்க சார், என்கிட்டதானே இருந்துச்சு!”

“ஒரே வீட்டுலதானே இருக்கீங்க. அவகிட்ட வாங்கிட்டு வர எவ்வளவு நேரமாகும்?”

“சத்தியமா சார்!”

“சத்தியம் பண்ணாதீங்க. சத்தியம் பண்ணக் கூடாதுன்னு நீங்கதானே எங்களுக்கெல்லாம் சொல்வீங்க.” எழுந்து வந்து அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார். “அடிபட்டவளே தன் தப்புன்னு தன் வாயால சொல்லியிருக்கா. யாராவது தனக்கு எதிரா அப்படிப் பொய் சொல்வாங்களா? விடுங்க. மேல பேசுறேன். ஊசிக்குத் துணி பிரிக்கிற மேசைல உக்கார்ற வேலையாப் பாத்துத் தர்றேன். உங்க முகத்துக்காக.”

அவள் வெளியே வந்து துணி மூட்டைகளுக்கு நடுவில் நின்றாள். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஊசியின் வேலை பிழைத்துவிட்டது, அதற்கு அழுவதா? பாவத்தை அறிக்கை செய்யப் போனவளுக்கு மாலை போடாத குறைதான், அதற்குச் சிரிப்பதா? மத்தியானத்துக்குள் கூடம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சபையில் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டு அன்பென்றால் இதுவல்லவா என்றார்கள். போதகர் மட்டும் ஸ்பீக்கர் பெட்டியின் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

சபையில் நடந்ததெல்லாம் பிறகு. அன்று சாயந்திரம் வீட்டுக்கு வந்ததும் முதலில் வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் நம்பினார். வாசலுக்குப் போய், கழுவி வைத்திருந்த பிரஷ்களையே மறுபடி எடுத்துக் கழுவினார். பிறகு தங்கையின் அறை வாசலில் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, உள்ளே போகாமல் திரும்பி வந்தார்.

அவள் உள்ளே போனாள். ஊசி ஜன்னலோரம் உட்கார்ந்து, இடது கையால் சட்டைப் பட்டனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

“மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன்டி.”

பட்டன் நின்றது. “எத?”

“டோக்கன் இருந்தத. நான் கழட்டுனத.”

“என்ன சொன்னான்?”

“நம்பல. உன்னக் காப்பாத்த நான் பொய் சொல்றேனாம். என்னக் கையெடுத்துக் கும்பிட்டான்.”

ஊசிக்குச் சிரிப்பு வந்தது. முதலில் அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. சுவரில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். “நான் சொன்ன பொய்ய நம்பிட்டான், நீங்க சொன்ன உண்மைய நம்பலையா? நல்ல ஆளு! இவனத்தான் மேனேஜரா வச்சிருக்கானுங்க!” மேஸ்திரியம்மாவும் சிரித்துவிட்டாள். சிரித்ததும் பயந்துபோனாள்.

ஊசியின் சிரிப்பு சட்டென்று அணைந்தது. “யாரு உங்களச் சொல்லச் சொன்னது?”

“உன் வேலை போகுதே. என் மனசு கேக்கலடி.”

“குடுத்தத வச்சுக்கத் தெரியல உங்களுக்கு. கொண்டுபோய் அவன் மேசைல கொட்டிட்டு வர்றீங்க.”

“நீ எதுக்குடி குடுத்த? அதச் சொல்லு. எனக்குப் பைத்தியமே பிடிச்சிரும்போல இருக்கு.”

ஊசி வெகுநேரம் யோசித்தாள். நிஜமாகவே யோசிக்கிறாள் என்று தெரிந்தது.

“எனக்கே தெரியல அண்ணி. மருந்து மயக்கம்னு சொல்லலாம், ஆனா நல்லாத் தெளிவாத்தான் இருந்தேன். நீங்க ஊசின்னு கூப்புட்டது கேட்டுச்சு. நான் பதிலும் சொன்னேன், உங்களுக்குக் கேக்கல. அந்தாளு பேப்பர விரிச்சப்ப உங்கள நாலு திட்டு திட்டணும்னுதான் வாயத் திறந்தேன். அப்ப உங்க மூஞ்சியப் பாத்தேன். பாவமா இருந்துச்சு. அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்ல.”

“அப்போ என்ன மன்னிச்சிட்டியா?”

“யாரு சொன்னா?”

“பழிய ஏத்துக்கிட்டியே!”

“அது ஒரு நிமிஷ வேலை. வாயத் திறந்தேன், வந்துருச்சு. இது அப்படி வரல. காலைல எந்திரிச்சு இந்தச் சட்டையப் போடுறேன். ஆறு பட்டன். ஒவ்வொரு பட்டனுக்கும் உங்கள வையிறேன். ஆறாவது பட்டன் வரும்போது உங்க மூஞ்சியே பாக்கப் பிடிக்கல. அப்புறம் நீங்க டீ எடுத்துட்டு வர்றீங்க, குடிக்கிறேன்.”

மேஸ்திரியம்மாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “நான் போகாத இடம் இல்லடி. ஆண்டவர்கிட்ட அழுதேன். பாஸ்டர்கிட்ட போனேன். மேனேஜர்கிட்ட போனேன்…”

“என்கிட்ட?”

இத்தனை வாரமும் மேஸ்திரியம்மா சோறு ஊட்டியிருக்கிறாள், கட்டு மாற்றியிருக்கிறாள், தலை துவட்டியிருக்கிறாள். ஆனால் அந்த வார்த்தையை ஊரெல்லாம் சுமந்துகொண்டு அலைந்தாளே தவிர, பின்கட்டு அறைக்குள் கொண்டுவரவே இல்லை. தரையில் உட்கார்ந்தாள்.

“என்ன மன்னிச்சிருடி.”

ஊசி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். “இன்னைக்கு வராது அண்ணி.”

“எப்ப வரும்?”

“எனக்கு எப்படித் தெரியும்? நாளைக்குக் கேட்டுப் பாருங்க.”

மறுநாள் வேலையிலிருந்து வந்ததும் கேட்டாள். “இல்ல” என்றாள் ஊசி. அதற்கு மறுநாளும் கேட்டாள். ஊசி துணி பிரிக்கிற மேசைக்கு வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகும், இருவரும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கி, கைகால் கழுவி, சோற்றுக்கு உலை வைக்கிற நேரத்தில் கேட்டாள். பதில் நாளுக்கு ஒன்றாக இருந்தது. ஒருநாள், “இன்னைக்கு ரொம்பத் தூரம்.” ஒருநாள் கதவைச் சாத்திக்கொண்டாள். இன்னொரு நாள், “மத்தியானம் கொஞ்சம் கிட்ட வந்துச்சு. நீங்க கேக்குறதுக்குள்ள போயிருச்சு” என்றாள். மத்தியானமே கேட்டிருக்கலாமே என்று மேஸ்திரியம்மா அன்றெல்லாம் மருகினாள். இது என்ன மன்னிப்பு, கேட்கக் கேட்கக் குறைகிறதா கூடுகிறதா, அவளுக்கு விளங்கவில்லை. சபையில் எத்தனையோ பேருக்கு, கேட்ட மாத்திரத்தில் கிடைக்கும் என்று சொல்லியிருக்கிறாள்.

ஒருநாள் மழை. கொதிகலன் பழுதாகி, ஈரத் துணி மலைபோலக் குவிந்து, மேனேஜரிடம் பேச்சும் வாங்கி, மேஸ்திரியம்மா நனைந்துகொண்டு வீடு வந்து சேர்ந்தாள். அன்று பஸ்ஸில் ஊசி முன்னால் உட்கார்ந்தாள், இவள் பின்னால் நின்றாள். வந்ததும் உலை வைத்தாள், இருந்ததைக் கொண்டு ஒரு குழம்பு வைத்தாள். மூன்று பேரும் பேசாமல் சாப்பிட்டார்கள். இடுப்பு விட்டுப்போகிற வலியோடு அவள் பாத்திரம் தேய்க்க உட்கார்ந்துவிட்டாள்.

வாசற்படியில் யாரோ நிற்பது தெரிந்து நிமிர்ந்து பார்த்தாள். ஊசிதான். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

“என்னடி, பசி ஆறலையா?”

“இல்ல.”

“கை வலிக்குதா?”

“இல்ல.” ஊசி நிலையைப் பிடித்துக்கொண்டாள். கோபமா, அழுகையா என்று சொல்ல முடியாத குரலில் கேட்டாள்.

“இன்னைக்கு நீங்க இன்னும் கேக்கலையே, அண்ணி?”